போட்ட யூரியா எங்கே போனது?

பாகூர் கொம்யூனிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது:

"ஐயா, ஒரு ஏக்கர் குத்தகை நிலத்தில் சம்பாவுக்கு வெள்ளைப் பொன்னி நட்டேன். அடியுரமாக டி.ஏ.பி. ஒரு மூட்டை. பிறகு யூரியா நான்கு மூட்டை. நட்ட இருபதாம் நாள் இரண்டு, கார்த்திகையில் மழை கொஞ்சம் விட்டதும் இரண்டு. பயிர் கருகருவென்று வந்தது. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கதிர் வந்ததும் புகையான் விழுந்தது. மிச்சம் இருந்தது காற்றில் படுத்துவிட்டது. படுத்த கதிரில் நெல் முளைத்தே விட்டது. குத்தகை நெல் அளந்தபின் வீட்டுக்கு வந்தது எட்டு மூட்டை. பிளஸ் டூ படிக்கும் என் மகள், தழைச்சத்துதான் பயிருக்குள் புரதமாக மாறுகிறது என்று பாடத்தில் இருப்பதாகச் சொல்கிறாள். அவ்வளவு தழைச்சத்து போட்டேனே, அது ஏன் புரதமாகி நெல்லுக்கு வரவில்லை? இப்போது நவரைக்கு நாற்று விட்டிருக்கிறேன். இந்தப் போகமும் இப்படிப் போனால் குத்தகையை விட்டுவிட வேண்டியதுதான்."

உரம் எவ்வளவு போடலாம் என்று கேட்பவர்கள் மாதம் நூறு பேர் இருப்பார்கள். போட்டது எங்கே போனது என்று கேட்டவர் இவர்தான். அதனால் இந்த இதழில் பெரும்பகுதியை இவருக்கே கொடுக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து. அப்படியென்றால் மூட்டைக்கு 20.7 கிலோ. நான்கு மூட்டைக்கு ஏறத்தாழ 83 கிலோ. டி.ஏ.பி. மூட்டையில் 9 கிலோ. மொத்தம் 92 கிலோ. வெள்ளைப் பொன்னி உரத்துக்குக் குறைவாக ஈடுகொடுக்கும் ரகம். அதற்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 75 கிலோ, ஏக்கருக்கு 30 கிலோதான். நீங்கள் போட்டது மூன்று மடங்கு. ஒரு டன் நெல் விளைய, பயிர் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் வயலில் இரண்டு டன் விளைந்திருந்தால்கூட 40 கிலோவுக்கு மேல் அதற்குத் தேவைப்பட்டிருக்காது. அதிலும் ஒரு பங்கை மண்ணே கொடுத்துவிடும்.

தண்ணீர் நிற்கும் வயலில் போட்ட யூரியாவில் மூன்றில் ஒரு பங்கோ, கொஞ்சம் கூடுதலாகவோதான் பயிருக்குள் போகிறது. மற்றது அம்மோனியாவாக ஆவியாகும், நைட்ரஜன் வாயுவாகித் தப்பும், அல்லது கசிந்து கீழே போகும். ஆக, கேள்வியின் ஒரு பாதிக்குப் பதில் காற்றிலும் வாய்க்காலிலும் இருக்கிறது. ஆனால் உங்கள் பயிர் கருத்துப் போனதே, அது பயிருக்குள் போன பங்கு. நஷ்டத்தைச் செய்தது அந்தப் பங்குதான். அதைப் பின்தொடர்ந்து போவோம்.

வேர் எடுத்துக்கொண்ட அம்மோனியம் பயிருக்குள் அப்படியே சுற்றிக்கொண்டிருக்க முடியாது. அது நஞ்சு. வந்த உடனே அதை ஒரு சர்க்கரைத் துண்டோடு கட்டிப் போட வேண்டும். அப்படிக் கட்டினால் கிடைப்பது அமினோ அமிலம். சர்க்கரை எங்கிருந்து வரும்? வெயிலிலிருந்து. இலை வெயிலைப் பிடித்துச் சர்க்கரை செய்தால்தான் தழைச்சத்தைக் கட்ட ஆள் உண்டு. இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்படி இருபது வகை அமினோ அமிலங்கள். இவற்றைக் குறிப்பிட்ட வரிசையில் கோத்தால் அது புரதம். வரிசை மாறினால் வேறு புரதம். எந்த வரிசையில் கோக்க வேண்டும் என்ற எழுத்து, ஒவ்வொரு உயிரணுவின் உட்கருவிலும் டி.என்.ஏ.யாக இருக்கிறது. அந்த மூலப் பத்திரம் வெளியே வராது. தேவையான பக்கத்துக்கு மட்டும் ஒரு நகல் எடுத்து அனுப்பப்படும். நகலின் பெயர் தூது ஆர்.என்.ஏ. பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல.

நகலைப் படித்து அமினோ அமிலங்களைக் கோக்கும் தறிக்கு ரைபோசோம் என்று பெயர். மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஒரு அமினோ அமிலம். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தறியின் அமைப்பை அணு அணுவாகக் காட்டியதற்காக 2009-ல் வேதியியல் நோபல் பரிசு மூன்று பேருக்குக் கிடைத்தது. அவர்களில் ஒருவரான வெங்கி ராமகிருஷ்ணன் 1952-ல் பிறந்தது நம்மிடமிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில் உள்ள சிதம்பரத்தில். உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

இந்தத் தறிக்கும் உரக்கடைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நகல் எடுக்கும் இயந்திரத்துக்குத் துத்தநாகம் வேண்டும். துத்தநாகம் குறைந்த பயிரில் ரைபோசோம்களே குறைந்துபோகும். அமினோ அமிலங்கள் கோக்க ஆளில்லாமல் தேங்கும். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துரு நிறப் புள்ளி விழுந்து பயிர் குத்துக்குத்தாக நின்றுவிடுகிறதே, அந்த நேரத்தில் யூரியா போட்டு ஏன் தேறவில்லை என்பதற்குக் காரணம் இதுதான். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவுங்கள். டி.ஏ.பி.யோடு கலக்காதீர்கள்.

தறி ஓடச் சாம்பல்சத்தும் வேண்டும். பொட்டாசியம் குறைந்த உயிரணுவில் ரைபோசோம் மந்தமாகிவிடும். உங்கள் நான்கு பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பொட்டாஷ் என்ற சொல் எங்கும் இல்லை. 92 கிலோ நூலை இறக்கிவிட்டுத் தறிக்கு எண்ணெய் போடாமல் விட்டிருக்கிறீர்கள்.

இப்போது அந்தக் கார்த்திகைக்கு வருவோம். வானம் மூடிக் கிடக்கிறது. இலைக்கு வெயில் இல்லை, சர்க்கரை இல்லை. பொட்டாஷும் இல்லை. அந்த நேரத்தில் இரண்டு மூட்டை யூரியா வந்து இறங்குகிறது. வேர் எடுத்துக்கொண்டுதான் இருக்கும், அதற்கு நிறுத்தத் தெரியாது. பயிர் இருக்கிற கொஞ்சச் சர்க்கரையையும் செலவழித்து அம்மோனியத்தை அவசரமாகக் கட்டிப் போடுகிறது. தண்டுக்கு உறுதி தர வேண்டிய சர்க்கரை இப்படிப் போய்விடுகிறது. கட்டியது அத்தனையும் புரதமாகக் கோக்கப்படுவதில்லை. அஸ்பரஜின் போன்ற உதிரி அமினோ அமிலங்களாகச் சாற்றில் ஓடிக்கொண்டிருக்கும்.

புகையான் பூச்சி சாற்றை உறிஞ்சி வாழ்வது. அதற்கு முழுப் புரதத்தைவிட இந்த உதிரி அமினோ அமிலங்கள்தான் ருசி. குறிப்பாக அஸ்பரஜின் அதிகமுள்ள சாற்றை விடாமல் உறிஞ்சும் என்பதை நெல் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பயிரில் அது அதிகமாக முட்டையிடும், குஞ்சுகள் அதிகம் பிழைக்கும். கருத்த பயிரின் அடர்ந்த தூர் நிழலும் ஈரமும் தருகிறது. சோறும் வீடும் சேர்ந்து கிடைத்தால் அது ஏன் போகும்? பூச்சி வந்தபின் அடித்த மருந்துக்கு எவ்வளவு ஆனது என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று மூட்டை யூரியாவின் விலையைவிடக் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். யூரியா மலிவாகக் கிடைப்பது நமக்குக் கிடைத்த உதவி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். டி.ஏ.பி., பொட்டாஷ் விலையைப் பார்த்துவிட்டு யூரியா விலையைப் பார்க்கும் விவசாயி எதை அள்ளுவார்? அதில் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

படுத்ததற்கும் ஒரு புரதக் கதை உண்டு. 1966-ல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர்.8 நம் அப்பாக்கள் காலத்தில் ஊரையே மாற்றியது. அது குட்டையாக நின்றதால் உரம் போட்டும் படுக்கவில்லை. ஏன் குட்டை என்பது 2002-ல்தான் மரபணு அளவில் தெரிந்தது. தண்டை நீள வைக்கும் ஜிப்ரலின் என்ற ஊக்கியைத் தயாரிக்க ஒரு நொதி வேண்டும். நொதி என்பதும் புரதம்தான். ஐ.ஆர்.8-ல் அந்த நொதிக்கான எழுத்தில் ஒரு பகுதியே காணாமல் போயிருக்கிறது. நொதி சரியாக உருவாகவில்லை, ஊக்கி குறைந்தது, தண்டு நீளவில்லை. ஒரு புரதம் கெட்டுப்போனதால் கோடிக்கணக்கான பேர் சாப்பிட்டார்கள்!

வெள்ளைப் பொன்னி அந்த வழியில் வந்ததல்ல. மலேசியாவிலிருந்து வந்த மாசூரியின் வழியில், 1986-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகம். நெடு நெடுவென்று வளரும். அதற்கு அந்த நொதி முழுதாக வேலை செய்கிறது. தழைச்சத்து கூடக்கூட இன்னும் நீளும், தண்டு மெலியும், கதிர்ச் சுமை வந்ததும் சாயும். ஐ.ஆர். ரகங்களுக்குப் போட்டுப் பழகிய கையால் பொன்னிக்குப் போடக் கூடாது.

இனி, நெல்லுக்கு ஏன் வரவில்லை என்ற உங்கள் கேள்வி. புரதம் கோத்து முடித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. அது மடிய வேண்டும், திருத்தப்பட வேண்டும், போக வேண்டிய இடத்துக்குப் போக வேண்டும். தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை கொண்டுபோனவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதாகப் புரியும். இறக்கிய மூட்டைக்குச் சீட்டு, எடை, பிறகு எந்தக் கொட்டகைக்கு என்று பிரிப்பது, யாருடைய லாரியில் ஏற்றுவது. சீட்டு இல்லாத மூட்டை அங்கேயே கிடக்கும்.

உயிரணுவிலும் சீட்டு உண்டு. கோக்கும்போதே புரதத்தின் தலைப்பில் சில அமினோ அமிலங்கள் முகவரியாகச் சேர்ந்துவிடுகின்றன. இதைக் கண்டறிந்த குந்தர் புளோபெலுக்கு 1999-ல் நோபல் பரிசு கிடைத்தது. வெளியே அல்லது சேமிப்புக்குப் போக வேண்டிய புரதம் என்றால், அந்த முகவரியைப் பார்த்ததும் ரைபோசோம், எண்டோபிளாச வலை என்ற மடிப்பு மடிப்பான சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும். புரதம் அந்த வலைக்குள்ளேயே இறங்கும். உள்ளே போனதும் முகவரித் துண்டு வெட்டப்படும். அங்கேதான் சங்கிலி சரியான வடிவத்துக்கு மடிகிறது. சில இடங்களில் கந்தகம் கந்தகத்தோடு பிணைந்து ஊக்கு குத்தியதுபோல் மடிப்பைப் பிடித்துக்கொள்கிறது. சரியாக மடியாதவை பிரித்துக் கழிக்கப்படும். தேறியவை சிறு பைகளில் அடைபட்டு கோல்கை உறுப்புக்குப் போகும். அங்கே இனிப்புச் சங்கிலிகள் சேர்ப்பதும் மாற்றுவதும், வகை பிரிப்பதும், திசை காட்டி அனுப்புவதும் நடக்கின்றன.

நெல்மணியில் இரண்டு முக்கியமான சேமிப்புப் புரதங்கள். குளுட்டெலின் பெரும்பங்கு. அது வலையில் ஒரே நீளச் சங்கிலியாகப் பிறந்து, கோல்கை வழியாகச் சேமிப்பு நுண்குமிழுக்குப் போய், அங்கே இரண்டாக வெட்டப்பட்டு அடுக்கப்படுகிறது. மற்றொன்றான புரோலமின் எங்கும் போகாது. பிறந்த வலைக்குள்ளேயே உருண்டையாகத் திரண்டு அங்கேயே தங்கிவிடும். நாம் சாப்பிடும்போது குளுட்டெலின் நன்றாகச் செரிக்கும், புரோலமின் உருண்டை அவ்வளவாகச் செரிக்காது. வெள்ளை அரிசியில் புரதம் ஏறத்தாழ 7 சதவீதம்தான் என்றாலும் பருப்பு வாங்க முடியாத வீட்டில் அந்த ஏழுதான் பிள்ளையை வளர்க்கிறது.

வெளியே ஏற்றுமதியாகும் புரதமும் உண்டு. உங்கள் படுத்த கதிர் முளைத்ததே, அது அதனால்தான். ஈரம் பட்டதும் கருவிலிருந்து ஜிப்ரலின் புறப்பட்டுத் தவிட்டுப் படலத்துக்கு வருகிறது. அந்தப் படலத்து உயிரணுக்கள் அமைலேஸ் என்ற நொதியை அவசரமாகச் செய்து, வலை, கோல்கை வழியாக மாவுப் பகுதிக்குள் கொட்டுகின்றன. மாவு சர்க்கரையாக உடைகிறது, முளை அதைத் தின்று எழுகிறது. விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டியபின் ஒரு மணியை மென்று பாருங்கள், லேசாக இனிக்கும். நாற்றங்காலில் நாம் வேண்டுமென்று செய்வதை, ஈர மண்ணில் படுத்த கதிர் நம்மைக் கேட்காமல் செய்துவிட்டது.

சரி, மணிக்குள் வரும் அமினோ அமிலம் எங்கிருந்து வருகிறது? கதிர் வந்தபின் வேர் எடுப்பது கொஞ்சம்தான். பெரும்பகுதி இலையைப் பிரித்து எடுப்பது. பச்சை இலையில் ரூபிஸ்கோ என்ற ஒரு புரதம் குவிந்து கிடக்கிறது. இலையின் கரையும் புரதத்தில் பாதி அதுவே. காற்றிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்குவது அதன் வேலை. பூத்து, பால் பிடிக்கத் தொடங்கியதும் பயிர் கீழ் இலைகளிலிருந்து ரூபிஸ்கோவை உடைத்து அமினோ அமிலமாக்கி மேலே அனுப்பும். இலை மஞ்சளாகும், மணி நிறையும். அறுவடை நெருங்கும்போது கீழ் இலைகள் மஞ்சளாவது கணக்கு முடித்துக் கொடுப்பது. அதைப் பார்த்துப் பதறி யூரியா தூவாதீர்கள்.

உங்கள் வயலில் அந்தக் கணக்கு நடக்கவில்லை. கடைசி வரை புதுத் தூர் வெடித்துக்கொண்டிருந்திருக்கும். இலையில் இருந்தது இலையிலேயே இருந்தது. புகையான் சாற்றுக் குழாயிலேயே வாயை வைத்ததால் மேலே போக வேண்டியது போகவில்லை. படுத்த தண்டில் குழாய் மடங்கிவிட்டது. மணிக்கு வேண்டியது வெறும் புரதமும் அல்ல. ஏழு பங்கு புரதத்துக்கு எண்பது பங்கு மாவு வேண்டும். மாவு வெயிலிலிருந்து வருவது. இலை இலையை மறைத்துக்கொண்டு நின்ற வயலில் மாவும் இல்லை. பதராகப் போனதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது நவரை. என்ன ரகம் என்று எழுதவில்லை. ஏ.எஸ்.டி. 16, ஏ.டி.டி. 43 போன்ற குறுகிய கால ரகம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஏக்கருக்கு 48 கிலோ தழைச்சத்து, 16 கிலோ மணிச்சத்து, 16 கிலோ சாம்பல்சத்து பரிந்துரை. டி.ஏ.பி. 35 கிலோ போட்டால் மணிச்சத்து முழுதும் வந்துவிடும், தழைச்சத்தில் 6 கிலோவும் கழியும். மீதி 42 கிலோவுக்கு யூரியா 91 கிலோ. அதாவது மொத்தமே இரண்டு மூட்டை. அதையும் நான்காகப் பிரித்து, அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என்று போடுங்கள். பொட்டாஷ் 27 கிலோ, பாதி அடியுரம், பாதி கதிர் உருவாகும்போது. மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதன்படி மாற்றுங்கள். சம்பாவில் போட்டதில் மண்ணில் மிஞ்சியது எவ்வளவு என்பதும் அதில்தான் தெரியும்.

இந்த நான்கு தடவையைக்கூட நாட்காட்டி பார்த்துப் போடாமல் இலையைப் பார்த்துப் போடலாம். இலை வண்ண அட்டையை உங்கள் உழவர் உதவியகத்திலோ, குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுப் பாருங்கள். நட்ட 14-ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், பத்துப் பயிரில் மேலே முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிடுங்கள். வெயில் நேராகப் படாமல் உங்கள் நிழல் விழட்டும். ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள் பார்க்க வேண்டும், கண்ணுக்குக் கண் நிறம் மாறும். பத்தில் ஆறு இலை 4-க்குக் கீழே இருந்தால் மட்டும் 25 முதல் 30 கிலோ யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3. அட்டை காட்டுவது பச்சையைத்தான், ஆனால் அந்தப் பச்சைக்குப் பின்னால் இருக்கிற ரூபிஸ்கோவைத்தான் நீங்கள் அளக்கிறீர்கள். மேகம் மூடிய நாளில் இலை வெளிறியிருந்தாலும் இரண்டு நாள் பொறுங்கள். வெயில் வந்தபின் போடுங்கள்.

குத்தகையை விடுவதைப் பற்றி நான் சொல்ல முடியாது, அது உங்கள் வீட்டுக் கணக்கு. நவரையில் இரண்டு மூட்டையோடு நிறுத்தி, வாரா வாரம் இலை நிறத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மகளே எழுதட்டும். அறுவடைக்குப் பிறகு அந்த நோட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மற்ற கேள்விகளைச் சுருக்கமாகப் பார்க்கிறேன்.

திருக்கனூர் வாசகர்: மணிலாவில் மேல் இலைகள் வெளிர் மஞ்சள். யூரியா கரைத்துத் தெளித்தும் மாறவில்லை.

மணிலா மேல் இலையில் தொடங்குகிறது என்றால் தழைச்சத்துக் குறை இல்லை. தழைச்சத்தைப் பயிர் பழைய இலையிலிருந்து பிரித்து மேலே அனுப்பிவிடும், அதனால் அந்தக் குறை கீழிலிருந்து தெரியும். கந்தகம் அவ்வளவு எளிதாக நகராது, அதனால் குருத்தில் தெரியும். மெத்தியோனின், சிஸ்டின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்குக் கந்தகம் வேண்டும். அவை இல்லையென்றால் மற்ற பதினெட்டு இருந்தும் கோப்பு நின்றுவிடும். முழு இலையும் ஒரே சீராக வெளிறினால் கந்தகம். நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுவில் மஞ்சளானால் இரும்பு, அதற்கு லிட்டருக்கு 10 கிராம் அன்னபேதி உப்பு தெளியுங்கள். கந்தகக் குறைக்கு ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோ, 40 முதல் 45-ஆம் நாளில் போட்டு மண் அணையுங்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து காய் முற்றவும் உதவும், ஒரே செலவில் இரண்டு வேலை.

வில்லியனூர் வாசகர்: பிஸ்பைரிபேக் சோடியம் களைக்கொல்லி அடித்து நான்கு நாள் ஆகிறது. களை அப்படியே நிற்கிறது. மறுபடி அடிக்கலாமா?

வேண்டாம். அது இலையைச் சுடும் மருந்து அல்ல. வேலின், லூசின், ஐசோலூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் செடி தயாரிக்க உதவும் நொதியைப் பிடித்து நிறுத்துகிறது. கையிருப்பு தீரும்வரை களை பச்சையாகத்தான் நிற்கும். வளர்ச்சி முதலில் நிற்கும், பிறகு குருத்து மஞ்சளாகும், சாக இரண்டு வாரம்கூட ஆகலாம். ஒரு களையைப் பிடுங்கிப் பாருங்கள், புது வேர் வந்திருக்காது. நெல் அந்த மருந்தைத் தனக்குள் வேகமாகச் சிதைத்துவிடுவதால் பிழைக்கிறது, இரண்டாம் முறை அடித்தால் அதுவும் திணறும். அடிக்கும்முன் தண்ணீரை வடித்தீர்களா? களையின் இலை நனையாமல் போயிருந்தால் மருந்து வீண். அடித்த இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கட்டியிருக்க வேண்டும்.

மண்ணாடிப்பட்டு வாசகர்: நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த தூள் அடிக்கச் சொல்கிறார்கள்.

ஸ்ட்ரெப்டோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு, எழுத்தைத் தப்பாகப் படிக்க வைக்கிறது. மருத்துவமனையில் காச நோய்க்குக் கொடுத்ததும் இதே மருந்துதான். நான் இருக்கும் கோரிமேட்டில் ஜிப்மருக்கு வந்துவிட்டு, பையில் இரண்டு நெல் இலையோடு என்னையும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒரே குடும்பத்தில் நோயாளிக்கும் வயலுக்கும் ஒரே மருந்து என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வயலில் பழகிய கிருமிகள் மருந்துக்கு அடங்காத குணத்தை மற்றக் கிருமிகளுக்கும் கடத்தும். 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலைத் தெளியவைத்து, வடிகட்டி இரண்டு முறை தெளியுங்கள். யூரியாவை உடனே நிறுத்துங்கள். வயலுக்கு வயல் தண்ணீர் பாயாமல் பாருங்கள்.

அதே வாசகர்: கடையில் அமினோ அமில டானிக் வாங்கினால் மூட்டை உரம் வேண்டாமா?

பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் சதவீதத்தைப் படியுங்கள். 500 மில்லி பாட்டிலில் 4 சதவீதம் தழைச்சத்து என்றால் உள்ளே இருப்பது 20 கிராம். ஒரு மூட்டை யூரியாவில் 20.7 கிலோ. பயிருக்கு அமினோ அமிலம் செய்யத் தெரியும், அதற்கு வெயிலும் வேரும் சரியாக இருக்கட்டும். வறட்சியிலோ வெள்ளத்திலோ வேர் வேலை செய்யாத சில நாட்களுக்கு இலைவழித் தெளிப்பு கைகொடுக்கும். அதற்கு 2 சதவீத யூரியா கரைசலே போதும், பத்து லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம், மாலை வேளையில்.